கையா, அலுமினியமா

சத்தம் கேட்டதும் யாரோ காரேஜுக்குள் துப்பாக்கியால் சுட்டுவிட்டார்கள் என்றுதான் ஆரினுக்கு முதலில் தோன்றியது. அடுத்த கணம் பார்த்தால், கண் முன்னே சுழன்றுகொண்டிருந்த ரம்பத் தட்டைக் காணவில்லை. மேசை நடுவிலிருந்த பிளவில் வெறும் இருட்டு. மோட்டார் ஓய்ந்து, சூடேறிய உலோகத்தின் வாடை மெல்ல எழுந்தது. ரேடியோவில் மட்டும் மேடிசனில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தைப் பற்றி ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

ஆரின் இரண்டு கைகளையும் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். விரல்கள் பத்தும் இருந்தன. இருக்கின்றன என்பதே பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சமையலறைக் கதவு சுவரில் மோதித் திறந்தது. மனைவி லவான் செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து நின்றாள். கையிலிருந்த மரக்கரண்டியிலிருந்து மிளகாய்க் குழம்பு சிமெண்டுத் தரையில் சொட்டியது.

“கையா?”

“இல்ல. அலுமினியச் சட்டம். தட்டுல பட்டுடுச்சு.”

பதில் தானாக வந்துவிட்டது. அது உண்மையா என்று அவருக்கே தெரியாது. லவான் அவருடைய கைகளைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு ரம்பத்தின் ஓரத்தில் விட்டுவிட்டு எரிந்த சிவப்பு விளக்கைப் பார்த்தாள்.

“அப்ப என் டிராயருக்கு முகப்பு வர இன்னொரு கிறிஸ்துமஸ் ஆகும்னு சொல்லு” என்றாள். பயத்தை மறைக்கத்தான் கேலி என்று அவருக்குப் புரிந்தது. உள்ளே போனவள் கதவைச் சாத்தவில்லை.

அந்த ரம்பத்தை வாங்க வைத்ததே லவான்தான். அவள் தம்பி கர்ட் பழைய ரம்பம் ஒன்றில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்தவன். ஐந்து வருடத்துக்கு முன் ஆரின் காரேஜில் தச்சுவேலை ஆரம்பிக்கப் போகிறேன் என்றபோது, பிரேக் வைத்த ரம்பமாக இருந்தால் செய், இல்லாவிட்டால் மீன்பிடிக்கப் போ என்று சொல்லிவிட்டாள். சதையோ உலோகமோ ஓடும் தட்டைத் தொட்டால் போதும், கண் இமைப்பதற்குள் ஒரு கட்டை பாய்ந்து பற்களில் சிக்கித் தட்டை நிறுத்தி, மேசைக்கு அடியில் இழுத்துவிடும்; அதன்பின் புது பிரேக் மாட்டினால்தான் ரம்பம் ஓடும். ஐந்து வருடத்தில் ஒருமுறைகூட அப்படி நடந்ததில்லை.

ஆரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் போய் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது கட்டைவிரலின் பக்கவாட்டில் ஒரு மெல்லிய கீறல், கடுகளவு ரத்தம். ரம்பம் பட்டதாக இருக்கலாம், காலையில் ஏறிய மரச்சிலாம்பாகவும் இருக்கலாம். அழுத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. வலிக்காதது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் விரல் நுனிகளில்தான் மரமரப்பு தொடங்கியது. கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டு எதையும் தொடுவதுபோல. கழுத்து நரம்பாக இருக்கும், சர்க்கரையாக இருக்கும், வயசாக இருக்கும் என்று மூன்று காரணங்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் ஒன்றை நம்பினார். டாக்டரிடம் போகவில்லை. போனால் கோப்பில் எழுதுவார், எழுதினால் பள்ளிகளை நடத்தும் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக ஆரின் ட்வெட் ஓட்டுவது மஞ்சள் பள்ளி பஸ். பதினான்காம் எண் தடம், நாற்பத்தொரு பிள்ளைகள். லவானிடமும் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதும் டாக்டரிடம் சொல்வதும் ஒன்றுதான்.

அலுமினியச் சட்டத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பலகையைச் சாய்கோணத்தில் தள்ளிக்கொடுக்கும் சட்டம் அது. முனையில் அரிசியளவுக்குப் புதிதாக ஒரு வெட்டு பளபளத்தது. ஆக, அலுமினியம்தான். கை இல்லை. சொன்னது பொய்யில்லை. அவர் சிரிக்கக்கூடச் செய்தார். இதை லவானிடம் காட்டிவிட்டால் பேச்சு முடிந்தது.

ஆனால் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. ரேடியோவை அணைத்தார், மறுபடியும் போட்டார். முற்றத்துக்குப் போய் மேப்பிள் சருகுகளைப் பாதி வாரிவிட்டு வாரியைப் புல்லிலேயே போட்டுவிட்டு வந்தார். சட்டத்தை முடுக்கியது அவர்தான். முடுக்கிய திருகு இறுகவே இல்லை என்பதும், தள்ளும்போது சட்டம் கைக்குள்ளேயே நழுவித் தட்டின் பக்கம் போயிருக்கிறது என்பதும் இப்போது விளங்கியது. நழுவியது கைக்குத் தெரியவில்லை. சட்டம் போன வழியில் கையும் போயிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது.

“புது பிரேக் வாங்கிட்டு வந்துடறேன்” என்று ஜன்னல் வழியாகச் சொன்னார்.

“இப்பவேவா? குழம்பு ஆறிடும்.”

“இப்பவே.”

ஹார்டுவேர் கடை ஆற்றுக்கு அந்தப் பக்கம். பாலத்தின் மேல் போகும்போது, ஸ்டியரிங்கைக் கை பிடித்திருக்கிறதா என்று தாம் குனிந்து பார்ப்பதை ஆரின் கவனித்தார். எத்தனை வாரமாக இப்படிப் பார்க்கிறோம் என்று யோசித்தார். கிடைத்த பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

பிரேக்கை வாங்கிக்கொண்டு டிரக்குக்குத் திரும்பி, கோட்டுப் பைக்குள் கைவிட்டுச் சாவியைத் தேடினார். உள்ளே ஏதேதோ இருந்தன. எது சாவி, எது பென்சில், எது திருகு என்று விரலுக்குப் பிடிபடவில்லை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து டிரக்கின் பானெட்டின் மேல் பரப்பிக் கண்ணால் பார்த்துச் சாவியைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு கீச்சுக்குரல்.

“மிஸ்டர் ட்வெட்! மிஸ்டர் ட்வெட்! என் பூசணியப் பாருங்க!”

அவர் பஸ்ஸில் மூன்றாவது நிறுத்தத்தில் ஏறும் பிரின்லி. தன்னைவிடப் பெரிய பூசணிக்காயைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் அவள் அம்மா.

“அட, இதத் தூக்கிட்டு பஸ்ல ஏறினா தனி சீட்டு கொடுக்கணுமே” என்றார் ஆரின்.

“இவளுக்கு உங்க பஸ்ஸ விட்டா வேற பஸ்ஸே ஆகாதுங்க” என்றாள் அம்மா. “போன பனியில பாலத்துல மத்த பஸ்ஸெல்லாம் வழுக்குச்சே. நீங்க இருக்கீங்கன்னு நாங்க பயப்படவே இல்ல.”

அவர் தலையாட்டினார். அவர்கள் போன பிறகும் டிரக்கில் ஏறாமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டில் லவான் தட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஆரின் உட்காரவில்லை. வெட்டு விழுந்த சட்டத்தைக் காரேஜிலிருந்து கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

“அலுமினியம்தான். பாரு.”

“அதான் அப்பவே சொன்னியே.”

“அப்ப எனக்குத் தெரியாது, லவான்.”

“என்ன தெரியாது?”

“கையா, அலுமினியமான்னு.”

அவள் ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். “தெரியாதுன்னா என்ன அர்த்தம்? கை உன்னோடதுதானே?”

நின்றுகொண்டே சொன்னார். ஆகஸ்ட், கையுறை, பாலம், சாவி என்று முன்னும் பின்னுமாக. அவர் முடித்ததும் லவான் எழுந்து போய் அடுப்பை அணைத்தாள், அது ஏற்கெனவே அணைந்துதான் இருந்தது.

“ஆகஸ்டா?” என்றாள் திரும்பாமலே. “ரெண்டு மாசமா நாப்பது பிள்ளைங்கள ஏத்திக்கிட்டு…”

“நாப்பத்தொண்ணு.”

“வாய மூடு, ஆரின்! எண்ணிக்கையெல்லாம் இப்ப எங்கிட்ட சொல்லாத!” சுவரிலிருந்த போனை எடுத்து நீட்டினாள். “பெக்கைக் கூப்பிடு. இப்பவே. உன் வாயாலேயே சொல்லு.”

பஸ் டிப்போவைக் கவனித்துக்கொள்ளும் பெக், சனிக்கிழமையும் போனை எடுப்பவள். ஆரின் சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் பேனா ஓடுவது கேட்டது.

“திங்கக்கிழமை உங்க தடத்துல வேற ஆளப் போடறேன்” என்றாள். “டாக்டர் எழுதிக் கொடுக்காம சாவிய என்னால தர முடியாது. புரியுதில்ல?”

“புரியுது.”

“நீங்களே சொன்னீங்களே, அது நல்லது, ஆரின்.” பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. “மத்தபடி எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

குழம்பை யாரும் சூடு பண்ணவில்லை. வெளியே வெயில் சாய்ந்து, பக்கத்து வீட்டில் யாரோ சருகு ஊதும் இயந்திரத்தை முடுக்கினார்கள். ஆரின் மேசை முன் உட்கார, லவான் தட்டுகளை ஒதுக்கினாள். பிறகு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“கைய மேசை மேல வை. ரெண்டையும். கண்ண மூடு.”

“லவான்…”

“எனக்குத் தெரியணும். எந்த விரலத் தொடறேன்னு நீ சொல்லு. மூடு.”

மூடினார். உள்ளங்கைகளை மேலே பார்க்க வைத்தார். அவள் மூச்சு கேட்டது. கோபம் இன்னும் அதில் இருந்தது.

“இது?”

“கட்டைவிரல்.”

“இது?”

“சுண்டுவிரல். வலது கை.”

சரியா தவறா என்று அவள் சொல்லவில்லை. சருகு ஊதும் சத்தம் நின்று, வீடு முழுவதும் அமைதியானது. ஆரின் முகத்தைச் சுளித்து, இருந்த கவனத்தையெல்லாம் விரல் நுனிகளுக்கு அனுப்பினார். எங்கோ தொலைவில் லேசான அழுத்தம். அவருக்குச் சந்தேகமே இல்லை.

“மோதிர விரல்” என்றார். “அழுத்தமாவே தெரியுது.”

மேசைக்கு மறுபக்கம் லவான் இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி இருந்தாள். அவர் கண்களைத் திறக்காமல், அடுத்த விரலுக்காகக் கைகளை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.