டாங்க் விடும் மூச்சு

எங்கள் ஊரில் என்னைவிட அதிகமாகப் பெருமூச்சு விடுவது எங்கள் வீட்டுவண்டி ஒன்றுதான். எழுபத்து மூன்றாம் வருடத்து மாடல். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. நிற்காமல் ஓடும் பழக்கம் மட்டும் கிடையாது. எங்கள் பெமிட்ஜியில் கிளம்பினால் அடுத்த ஊரான காஸ் லேக் தாண்டியதும் இருமும், குலுங்கும், சாலையோரம் நின்றுவிடும். என் மனைவி ஆர்டிஸ் இறங்கிப் போய்ப் பெட்ரோல் மூடியைத் திருகுவாள். உஸ்ஸென்று டாங்க் காற்றை இழுத்துக்கொள்ளும். "ம், போலாம்" என்று ஏறி உட்காருவாள். அடுத்த ஊர் வரை கவலையில்லை.

பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று வர ஒரு ரப்பர் குழாய் இருக்கிறது, கட்டிலுக்கு அடியில். என்னைப் போலவே அதுவும் வயதாகித் தொளதொளத்துவிட்டது. வண்டி ஓடும்போது உறிஞ்சலில் ஒட்டிக்கொண்டு காற்றை அடைத்துவிடும். நின்றாலோ அதன் வெடிப்புகள் வழியே பெட்ரோல் வாடை தலையணை வரை வரும்.

இந்த வருடம் ஆர்டிஸுக்கு மறதி முற்றிவிட்டது. ஸ்வெட்டரை அடுப்புக்குள் வைத்தாள். மகள் கரின், டுலூத்தில் தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு இடம் பிடித்தாள்.

"அப்பா, அந்த வாடையில அம்மாவ உக்கார வெச்சுக் கூட்டிட்டு வராத. நான் கார்ல வந்து கூட்டிக்கறேன்."

"நாங்க ரெண்டு பேரும் சேந்து போறது இதுதான் கடைசி, கரின்."

"அப்ப அதச் சரி பண்ணு" என்று போனை வைத்தாள்.

பழைய வண்டிக்காரர் சங்கத்து டெல்மர் வந்தான். கட்டில் பலகையைக் கழற்றிக் குழாயை இழுத்தான். காய்ந்த ரொட்டி போல உதிர்ந்தது.

"வெர்லின், இத்தன வருஷமா இதுக்கு மேலயா தூங்குன?"

"அதான் நல்லா தூக்கம் வந்துது."

"உனக்கு மயக்கத்துக்கும் தூக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாதுடா."

புதுக் குழாய் மேல்நோக்கியே ஏறிப் போக வேண்டுமாம். நடுவில் தொய்ந்தால் பெட்ரோல் தேங்கி வழியை அடைத்துவிடும். அப்படியே ஏற்றிக் கட்டினான். வெளி முனையில் குளவி கூடு கட்டாதபடி வலையும் மாட்டினான். நான் டார்ச் பிடித்தேன். ஆர்டிஸ் அவனுக்குக் காபி கொடுத்தாள், மறந்துபோய் மறுபடி கொடுத்தாள், மறுபடியும் கொடுத்தாள். அவன் எல்லாவற்றையும் குடித்தான்.

கிளம்பிய அன்று வாடையே இல்லை. துணிகளிலெல்லாம் அவள் பெயர் தைத்து அடுக்கிய பெட்டி பின்னால் இருந்தது. காஸ் லேக் போனது. டியர் ரிவர் போனது. வண்டி இருமவில்லை. நான் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சீட்டியடித்தேன். முட்டாள்களுக்கு அது சுலபமாக வரும். ஆர்டிஸின் கை கதவுப் பிடியிலேயே இருந்தது.

கிராண்ட் ராப்பிட்ஸ் தாண்டியதும் கேட்டாள். "ஏன் இன்னும் நிக்கல?"

"இனிமே நிக்காது. சரி பண்ணிட்டோம்."

பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் எதுக்கு?"

சீட்டி நின்றது. ஒரு மைல் பொறுத்தேன். பிறகு பிரேக்கை விட்டு விட்டு மிதித்து வண்டியைக் குலுக்கினேன். ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினேன்.

"போச்சு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. "உன்னோட எப்பவும் இதே ரோதனதான்."

இறங்கினாள். பின்னாலேயே போனேன். மூடியைத் திருகிக் காதைச் சாய்த்தாள். சத்தமே இல்லை. டெல்மரின் குழாய் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். மறுபடியும் காதைச் சாய்த்தாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, என் பல்செட்டின் இடுக்கு வழியாக, "உஸ்ஸ்ஸ்" என்றேன்.

மூடியை இறுக்கினாள். கையை என் சட்டையில் துடைத்தாள்.

"ம், போலாம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊருக்கும் நிறுத்தினேன். சில இடங்களில் ஊரே இல்லை.

இல்லத்து வாசலில் கரின் கோட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள். "ஏன் இவ்வளவு நேரம்? நீ அதச் சரி பண்ணலயா?"

நான் வாயைத் திறக்குமுன் ஆர்டிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், புதிதாகப் பார்ப்பவளிடம் பேசுகிற மரியாதையோடு.

"இந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் இல்லன்னா இந்த வண்டி ஓடாது."

அன்றுவரை அவள் சொல்லி எதுவும் பொய்யாகி நான் பார்த்ததில்லை. திரும்பும்போது வண்டி ஓரிடத்திலும் நிற்காமல் ஓடியது.