வடிகட்டியில் சிக்கிய 'இல்லை'

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. சென்னையிலிருந்து ஒரு பத்திரிகை ஆசிரியர் அழைத்தார். தொழில்நுட்ப நிறுவனம் தொடங்குகிறவர்களில் சிலருக்கு மட்டும் புதிது புதிதாகத் தோன்றுகிறதே, அது எப்படி? கிரீஸில், அந்த வோலோஸ் நகரத்தில் அப்படிப்பட்ட கூட்டத்தோடுதானே இத்தனை வருடமாகக் குப்பை கொட்டுகிறீர்கள், எழுதுங்களேன் என்றார். சரியென்று உட்கார்ந்தேன். முதல் வாக்கியம் இப்படி வந்தது:

புதுமை என்பது துணிச்சலும் கற்பனையும் சரிவிகிதத்தில் கல

அதற்கு மேல் ஓடவில்லை. நான் நினைத்துக்கொண்டு எழுதியது மெல்போவை. அவளிடம் எதுவுமே சரிவிகிதத்தில் இருந்ததில்லை. அவள் செய்யும் மீன் சூப்பில் உப்பு உட்பட. ஆகவே கட்டுரையைக் கிடப்பில் போட்டுவிட்டு அவள் கதையை எழுதுகிறேன். நடுநடுவே குறுக்கிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

மெல்போ (முழுப்பெயர் மெல்போமெனி, அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாள்) துறைமுகத்தருகே, படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கடையின் மாடியில் ஒரு சின்ன நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தாள். அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களை எங்கள் இயந்திரக் குரல் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கும். வலி இருக்கிறதா, மாத்திரை கிடைத்ததா, கட்டு மாற்ற யாராவது வந்தார்களா. பதில்களை மருத்துவமனைக்கு அனுப்பும். கேள்விகளை எழுதுவது என் வேலை. பதில்களைப் புரிந்துகொள்ளும் பகுதியைக் கட்டியவன் ஸ்ட்ராட்டோஸ், பள்ளிக்கூடத்திலிருந்தே மெல்போவோடு சண்டை போட்டு வளர்ந்தவன்.

பக்கத்து மருத்துவமனை ஒன்று எங்களைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் கிடைத்தால் பிழைப்போம். கிடைக்காவிட்டால் கடையைக் கட்டிவிட்டு ஆளுக்கொரு திசை. அந்தத் திசைகளில் ஒன்று ம்யூனிக். அங்கே ஸ்ட்ராட்டோஸுக்கு ஒரு பெரிய நிறுவனம் நாற்காலி போட்டு வைத்திருந்தது.

சிக்கல் என்னவென்றால், பாதிப் பேருக்கு மேல் 'பதில் இல்லை' என்று இயந்திரம் குறித்தது. அழைத்த வீடுகளில் தொலைக்காட்சி அலறியது, கரண்டி விழுந்தது, யாரோ யாரையோ திட்டினார்கள். இரைச்சல்தான் காரணம் என்று ஸ்ட்ராட்டோஸ் வெளிநாட்டிலிருந்து நல்ல வடிகட்டி மென்பொருள் ஒன்றை வாங்கிப் பொருத்தினான். ஒலி துடைத்து வைத்த மாதிரி ஆயிற்று. பதில் சொல்லாதவர்கள் இன்னும் அதிகமானார்கள்.*

* மருத்துவமனை நிர்வாகிக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. பதில் சொல்லாதவர் நலமாக இருக்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

3

இந்த இடத்தில் கண்டுபிடிப்பு நிகழ வேண்டும். எழுதிப் பார்த்தேன்.

கடற்கரை மேசையில் சிப்புரோ சாராயமும் கணவாய் வறுவலுமாக உட்கார்ந்திருந்த மெல்போவின் கண்களில் திடீரென்று ஒரு மின்ன

[வேண்டாம். அவள் கண்ணில் மின்னலடித்து நான் பார்த்ததில்லை.]

மாதக்கணக்கில் ஊண் உறக்கமின்றி ஒவ்வொரு பதிவாகக் கேட்டுக் கேட்டு

[கேட்டது நான். ஒன்றும் அகப்படவில்லை. நான் கேட்டதெல்லாம் வடிகட்டிய பதிவுகள்.]

நடந்ததை அப்படியே எழுதினால் இட்டுக்கட்டியது என்பீர்கள். பரவாயில்லை, எழுதுகிறேன்.

4

மெல்போவும் நானும் ஏதென்ஸிலிருந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ம்யூனிக் விஷயத்தை ரொட்டிக்கடையில் யாரோ அவளிடம் போட்டுக்கொடுத்திருந்தார்கள். வழியெல்லாம் உர்ரென்று வந்தவள் லாமியா ஊரைத் தாண்டியதும் அலுவலகத்திலிருந்த ஸ்ட்ராட்டோஸை அழைத்தாள். சோதனைக்காக அலுவலக இணைப்பிலும் அந்த வடிகட்டியைத்தான் போட்டிருந்தோம்.

"ம்யூனிக் போறியாடா?"

பதில் இல்லை.

"என்னை விட்டுட்டுப் போறியான்னு கேக்கறேன்."

அதற்கும் இல்லை. காருக்குள் ஒலிபெருக்கியில் அந்த மௌனத்தை நானும் கேட்டேன். அவள் இணைப்பைத் துண்டித்தாள். வீடு வரைக்கும் அழுதாள், ஒரு கையால் ஓட்டிக்கொண்டே.

பிறகு இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காபி வேண்டுமா என்பதைக்கூட என் வழியாகத்தான் கேட்டுக்கொண்டார்கள். ஒரு நாள் மெல்போ நேராக அவன் மேசைக்குப் போய்க் கையை நீட்டினாள்.

"போறவன் சாவியக் குடுத்துட்டுப் போ."

"எங்கடி போறேன்?"

"அதத்தானே போன்ல கேட்டேன். ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னேனே. ரெண்டு தடவ சொன்னேன்."

"என்னன்னு?"

ஸ்ட்ராட்டோஸ் புருவத்தை உயர்த்தி, தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, ஒரு முறை உச்சுக்கொட்டினான்.

(நாம் உச்சுக்கொட்டினால் இரக்கம். இவர்கள் உச்சுக்கொட்டினால் 'இல்லை'. அந்தச் சொல்லை வாய் திறந்து முழுதாகச் சொல்வது சண்டைக்கும் நீதிமன்றத்துக்கும் மட்டும்தான்.)

முதலில் சிரித்தவன் ஸ்ட்ராட்டோஸ். எழுந்து வந்து அவளைக் கட்டிப்பிடிக்கப் போனான். அவள் அவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள்.

"கட்டிப்புடிக்கிறது அப்புறம். அந்த வடிகட்டி எதெதத் தூக்கிப் போடுதோ, அதத் தொறந்து காட்டு மொதல்ல."

திறந்தான். நீக்கப்பட்ட ஒலிகளை மட்டும் ஓடவிட்டான். விளம்பரப் பாட்டு, நாற்காலி இழுபடும் சத்தம், அதற்கு நடுவே ஓர் உச்சு. இன்னொன்று. ஓர் ஆண், ஒரு பெண், மறுபடி ஒரு பெண். வடிகட்டியைச் செய்த ஊரில் அது பேச்சு அல்ல, தூசி. அதனால் ஊரில் பாதிப் பேர் சொன்ன 'இல்லை'யை இத்தனை நாளும் துடைத்தெறிந்திருந்தோம்.

[ஆசிரியருக்கு: தற்செயல்தானே என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் இழந்துவிட்டதாக அழுத நண்பன் கைக்குத் திரும்பக் கிடைத்த நொடியில், அவனைத் தள்ளி நிறுத்திவிட்டுக் குப்பையைக் கொட்டிக் காட்டச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? நானாக இருந்தால் இருவரையும் சாப்பாட்டுக்கு இழுத்துக்கொண்டு போயிருப்பேன். நீங்கள் கேட்ட 'எப்படி' என்பதற்கு என்னிடம் இருக்கும் பதில் இவ்வளவுதான்.]

5

இயந்திரத்துக்கு உச்சுக்கொட்டலைக் கற்றுக்கொடுத்தோம். மறுபடி எல்லோரையும் அழைத்தது. மாத்திரை கிடைத்ததா? உச்சு. கட்டு மாற்ற யாராவது வந்தார்களா? உச்சு. யாரை அழைப்பது என்று தெரியுமா? உச்சு. நலமாக இருப்பதாக எண்ணப்பட்டிருந்த எத்தனையோ பேர் நலமாக இல்லை.

மெல்போ இதையெல்லாம் நிர்வாகியின் முன் வைத்தாள். அவர் கெட்டவர் அல்ல, களைத்தவர். இருக்கிற தாதிமார் போதவில்லை, இத்தனை 'இல்லை'யை வைத்துக்கொண்டு மேலிடத்துக்கு என்ன பதில் சொல்வது என்று நெடுநேரம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பழையதே நல்லா இருந்துச்சும்மா. அந்த வடிகட்டியத் திரும்பப் போட்டுக் குடுங்க, இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

வடிகட்டியைத் திரும்பப் போடுவது ஒரு சொடக்கு வேலை. ஸ்ட்ராட்டோஸ் மெல்போவைப் பார்த்தான். சரி என்று சொல்லிவிடேன் என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன். வீட்டு வாடகை எனக்கும் இருக்கிறது.

"காதுல விழாம இருக்கறதுக்கு நாங்க எதுக்கு சார்?" என்றாள் மெல்போ. "போனே பண்ணாம விட்டாலே போதுமே."

மருத்துவர்களோடு பேச வேண்டும், வெளியே இருங்கள் என்று நிர்வாகி கதவைச் சாத்தினார்.

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) மருத்துவர்கள் ஒரே குரலில் இதுதான் வேண்டும் என்கிறார்கள். நிர்வாகி கையெழுத்திட

ஆ) பதினைந்து நாளில் மாடியைக் காலி செய்கிறோம். ஸ்ட்ராட்டோஸ் ம்யூனிக் விமானத்

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. 'அ' என்றால் அவளைப் புதுமைக்காரி என்பீர்கள், 'ஆ' என்றால் பிடிவாதக்காரி. இரண்டிலும் அதே பெண், அதே பேச்சு. வென்றவர்களை மட்டும் வரிசையாக நிறுத்தி இவர்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்கும் கட்டுரைகள் போதுமான அளவு இருக்கின்றன. ஆசிரியர் கோபித்துக்கொள்ளட்டும்.

கதவு சாத்தியிருந்த அந்த நேரத்தை மட்டும் தருகிறேன். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். ஸ்ட்ராட்டோஸ் நகம் கடித்தான். மெல்போ மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டா, அந்தக் குப்பையில பெருமூச்சும் இருக்குமில்ல? அதையும்தானே தூக்கிப் போட்டிருக்கோம்?"

ஸ்ட்ராட்டோஸ் நகத்தை விட்டான். பெருமூச்சில் எத்தனை வகை என்று இருவரும் சண்டையைத் தொடங்கிவிட்டார்கள். கடை இருக்குமா போகுமா என்பதே அவர்களுக்கு மறந்து போயிற்று. இந்த இருவரோடு வேலை செய்கிறேன் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்கிறது. அவளைப் பற்றி உங்கள் தீர்ப்பு எதுவோ, கதவு திறப்பதற்குள் சொல்லிவிடுங்கள்.