குண்டூர் நெடி

வேலாயுதம் மல்லப்பனுக்குத் தரவேண்டியது பதினெட்டாயிரத்து எழுநூறு ரூபாய். மனைவி பஞ்சவர்ணத்துக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து மல்லப்பன் அதைக் கொடுத்தார். சீட்டு எடுத்த பணம். தன் மகள் சுசித்ராவின் நர்சிங் படிப்புக்கென்று அவர் வைத்திருந்தது. எப்போது தருவாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் ஒரு நாள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேலாயுதத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கேட்காத கடன் சோற்றில் கிடக்கிற கல் மாதிரி. எந்த வாயில் கடிபடும் என்று பயந்துகொண்டே மெல்ல வேண்டும்.

இரண்டு பேரும் ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். மைசூரில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் மோட்டார் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் ஒரே ஷிஃப்ட். மல்லப்பன் பத்து வயசு மூத்தவர். ஆடி முடிந்ததும் கம்பெனிக்கு ஆர்டர் நின்றுபோனது. பாதி மெஷின்களைத் துணி போட்டு மூடினார்கள். யாரையும் வேலையை விட்டு எடுக்கவில்லை. வேலை வருகிறவரைக்கும் வீட்டில் இருங்கள், பாதிச் சம்பளம் வரும் என்று போர்டில் ஒட்டினார்கள். லே-ஆஃப் என்றார்கள். ஆனால் தினமும் காலை பத்து மணிக்குக் கேட்டுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். வேறெங்கேயாவது வேலை செய்தது தெரிந்தால் அந்தப் பாதியும் கிடையாது.

பாதிச் சம்பளம் வீட்டு வாடகைக்கும் பஞ்சவர்ணத்தின் மாத்திரைக்குமே சரியாகப் போயிற்று. ஒரு நாள் ரேஷன் கடையில் மல்லப்பனின் சம்சாரம் ரங்கம்மா, பஞ்சவர்ணத்திடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். தசராவுக்கு முன்னால் சுசித்ராவின் கடைசி வருஷத்து ஃபீஸ் கட்டியாக வேண்டுமாம். காதில் கிடக்கிற தோட்டை அடகு வைக்கலாம் என்று இருக்கிறாளாம். பஞ்சவர்ணம் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொல்லிவிட்டுச் சோறு போட்டாள்.

மறுநாள் விடிகிற நேரத்துக்கு மண்டி மொஹல்லாவில் ஒரு மிளகாய் மண்டி வாசலில் போய் நின்றான். லாரியிலிருந்து மூட்டை இறக்க ஆள் வேண்டியிருந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று கூலி. சந்துக்குள் லாரி வராது. ரோட்டிலிருந்து முதுகில் ஏற்றி, ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் நடுவே புகுந்து நடக்க வேண்டும். இத்தனை வருஷம் மெஷின் முன்னால் நின்ற உடம்பு முதல் வாரம் அழுதது. அப்புறம் அழுது பிரயோஜனம் இல்லை என்று அதற்கே தெரிந்துவிட்டது. ஒன்பது மணிக்குச் சட்டையை மாற்றிக்கொண்டு சைக்கிளை மிதிப்பான். பத்து மணிக்குக் கேட்டில் கையெழுத்து. போட்டதும் திரும்ப மண்டி.

மனசு உறுத்தாமல் இல்லை. சும்மா இருப்பதற்காகக் கொடுக்கிற காசை வாங்கிக்கொண்டு சும்மா இல்லாமல் இருக்கிறோமே என்று சைக்கிள் மிதிக்கிறபோதெல்லாம் தோன்றும். பெடலை அழுத்துவான். அது கொஞ்சம் பின்னால் போகும்.

முதலில் வந்ததெல்லாம் ப்யாடகி மிளகாய். நிறம்தான் அதில், காரம் அவ்வளவு கிடையாது. ஆரம்பத்தில் அதற்கே தும்மிக்கொண்டிருந்தவனுக்குப் போகப் போகத் தும்மல் நின்றது. நெடி தன் மேல் ஒட்டவில்லை என்று வேலாயுதம் எடுத்துக்கொண்டான். மண்டியில் புதிதாகச் சேருகிற எல்லாருக்கும் வருகிற நினைப்புதான் அது. மூக்கு செத்துப்போனதை உடம்பு சுத்தமாகிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். சட்டையை மாற்றினால் போதும் என்று, தலையில்கூடத் தண்ணீர் ஊற்றாமல் கிளம்பினான்.

அப்படி இருக்கையில் காரத்துக்குப் பேர்போன குண்டூர் மிளகாய் லோடு வந்தது.

அன்றைக்குக் கேட்டு வரிசையில் அவன் போய் நின்ற மாத்திரத்தில் முன்னால் நின்றவன் தும்மினான். பின்னால் இரண்டு பேர். அப்புறம் வரிசையே தும்மியது. டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நஞ்சுண்டசாமி, ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு தும்மியதில் பேனா பக்கத்தின் குறுக்கே கோடு இழுத்துக்கொண்டு ஓடியது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய் மண்டியிலிருந்து நேராக வந்தவன் எவன் என்று கன்னடத்தில் கேட்டார்.

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டான். வாடகை, மாத்திரை எல்லாம் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து போயின.

அவனுக்கு இரண்டு ஆள் தள்ளி நின்ற மல்லப்பன் முன்னால் போனார். சட்டைப் பையில் மூக்குப்பொடி மட்டை கிழிந்துவிட்டது, தப்பாகப் போயிற்று என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அவர் மூக்குப்பொடியை விட்டு மூன்று வருஷம் ஆகிறது, மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்து நிறுத்தினார் என்பது வரிசையில் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தும்மினார்கள், அவ்வளவுதான். நஞ்சுண்டசாமி மல்லப்பனை ஒரு பாட்டம் திட்டிவிட்டு, ரிஜிஸ்டரை நகர்த்தினார்.

சைக்கிள் ஸ்டாண்டில் மல்லப்பன் அவனைப் பிடித்துக்கொண்டார்.

"எந்த மண்டிடா?"

வேலாயுதம் சொன்னான்.

"குளிச்சுப்போட்டு வரக்கூடாதா?"

"எனக்கு நெடியே தெரியலீங்ணா."

"உனக்கு எப்படித் தெரியும். காதுக்குள்ள பாரு, குங்குமம் அப்புன மாதிரி செவந்து கெடக்குது."

"அக்கா தோட்டை வைக்கப் போறாங்கன்னு பஞ்சவர்ணம் சொன்னாளுங்க."

மல்லப்பன் சைக்கிள் மணியை விரலால் தடவினார்.

"அந்த ரங்கம்மா வாயில ஒரு மூட்டை மிளகாயக் கொட்டோணும்," என்றார். பிறகு, "முட்டிய மடக்கித் தூக்கு. முதுகு போச்சுன்னா அந்த ஆஸ்பத்திரிச் செலவும் என் தலையிலதான் விடியும்."

அடுத்த நாளிலிருந்து மல்லப்பன் சட்டைப் பையில் ஒரு மூக்குப்பொடி டப்பாவோடு வந்தார். யார் தும்மினாலும் அதை எடுத்து நாலு பேர் பார்க்கிற மாதிரி கையில் வைத்துக்கொள்வார். வேலாயுதம் மண்டிக் குழாயில் தலையைக் கொடுத்துப் பார்த்தான். தண்ணீர் பட்டதும் எரிச்சல்தான் கூடியது, நெடி போகவில்லை. அந்த வாரமே நஞ்சுண்டசாமி மேஜையை வெளியே புங்க மரத்தடிக்குக் கொண்டுவந்து போட்டுக்கொண்டார். ஆபீஸ் ஃபேன் ரிப்பேர் என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வேலாயுதத்தின் முறை வருகிறபோது மட்டும் அவர் காற்று வருகிற பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, வேறெங்கோ பார்த்தபடி பேனாவை நீட்டினார்.

ஃபீஸ் கட்டக் கடைசி நாளன்று மதியம் வேலாயுதத்தின் கையில் பணம் முழுசாகச் சேர்ந்தது. காலேஜ் கவுண்டர் நாலு மணிக்கு மூடிவிடும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வர நேரம் இல்லை. பணத்தைத் துண்டில் முடிந்துகொண்டு நேராக மல்லப்பன் வீட்டுக்கு மிதித்தான்.

வாசலில் ரங்கம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காதில் தோடு இன்னும் இருந்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது. அவள் குரலைத் தாழ்த்தி, வீட்டில் அப்பனும் மகளும் பேசிப் பத்து நாளுக்கு மேல் ஆகிறது என்றாள். துணி துவைக்க எடுத்த சட்டையில் சுசித்ரா மூக்குப்பொடி டப்பாவைப் பார்த்துவிட்டாளாம். ஃபீஸுக்குக் காசில்லை, என் தலையில் செய்த சத்தியத்தை மீறிப் பொடிக்கு மட்டும் காசிருக்கா என்று கேட்டவள்தான், அதோடு சரி. இந்த மனுஷரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்.

ஏன் திறக்கவில்லை என்பது வேலாயுதத்துக்கு அங்கேயே விளங்கிவிட்டது. பொடி எதற்கு என்று சொன்னால் மிளகாய் எதற்கு என்று சொல்ல வேண்டும். மிளகாயைச் சொன்னால், படிப்புப் பணத்தைத் தூக்கி இன்னொருத்தன் பெண்டாட்டியின் ஆபரேஷனுக்குக் கொடுத்ததையும் சொல்ல வேண்டும். சொன்னால் சுசித்ராவின் கண்ணில் வேலாயுதம் கீழே போய்விடுவான். அதனால் மனுஷர் தான் கீழே போய் உட்கார்ந்துகொண்டார்.

அவன் உள்ளே காலை வைத்தான். சுசித்ரா, "வாங்க சித்தப்பா" என்று சொல்ல வாயெடுத்துத் தும்மினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மூலையில் உட்கார்ந்திருந்த மல்லப்பன் கைப்பழக்கத்தில் பையிலிருந்து டப்பாவை எடுத்துவிட்டார். எடுத்த பிறகுதான் இது கேட்டு இல்லை, வீடு என்று அவருக்கு உறைத்தது.

சுசித்ரா கண்ணீர் வழிய அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு வேலாயுதத்தின் காதையும் கழுத்தையும் பார்த்தாள்.

வேலாயுதம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். ஆஸ்பத்திரி வராந்தா, சீட்டுப் பணம், மண்டி, கேட்டு. மல்லப்பன் இரண்டு தடவை நடுவில் மறித்தார். அவன் நிறுத்தவில்லை.

"உங்கப்பன் அந்த டப்பாவத் தொறந்ததே இல்லம்மா. வேணும்னா வாங்கிப் பாரு."

அவள் வாங்கிப் பார்த்தாள். மூடியைச் சுற்றி ஒட்டின காகிதம் கிழியாமல் அப்படியே இருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சும்னே, வீணா பத்து நாளு உன்கூட சண்டை போட்டேன்ப்பா," என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நீ எங்க பேச விட்ட," என்றார் மல்லப்பன்.

வேலாயுதம் துண்டை அவிழ்த்தான். எண்ணிப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். ரங்கம்மா எண்ண உட்கார்ந்தாள். நோட்டெல்லாம் குண்டூர் நெடி. நாலாயிரம் வரும், தும்மல் வரும், எண்ணிக்கை போய்விடும். மறுபடி முதலிலிருந்து. மூன்றாவது தடவை அவள் மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, "சரியாத்தான் இருக்கும், எடுத்துட்டுப் போ புள்ள, கவுண்டரை மூடிப்போடுவாங்க," என்று மகளிடம் தள்ளினாள். சுசித்ரா நோட்டுகளை பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்துகொண்டு, அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு ஓடினாள்.

"கணக்குச் சரிதானுங்ளா?" என்றான் வேலாயுதம்.

"சரி, தீந்துச்சு. இந்தப் பக்கம் வா."

மல்லப்பன் அவனைப் பின்பக்கக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லின் மேல் உட்காரவைத்தார். ரங்கம்மாவிடம் நல்லெண்ணெய் கேட்டு வாங்கி, நெடி இறங்க உச்சியிலும் காதிலும் அழுத்தித் தேய்த்தார். பிறகு சொம்பை முக்கி எடுத்து, "கண்ண மூடிக்கடா" என்று தலையில் ஊற்றினார்.