சங்கிலிக்கு மாற்றுப் பார்த்த நாள்

மக்பூல் அகமது சாயபு கொடுத்த பவுனை உரைகல்லில் மூன்று இழுப்பு இழுத்து, அதன்மேல் பாலை ஊற்றி, வழிந்ததைப் பாலாடையில் பிடித்து அப்பா சம்பந்தத்தின் வாயில் விட்டான் ராமமூர்த்தி. பால் கடைவாய் வழியாக வெளியே வந்தது. சம்பந்தம் சாகவில்லை.

"ராஜா தலை போட்ட பவுனுப்பா அது," என்றார் தோல் மண்டி சாயபு, கொஞ்சம் மனத்தாங்கலோடு.

நாலு நாளாக இதே நிலைமை. உயிர் பொன் ஆசையில் நிற்கிறது, பொன்னை உரைத்து ஊற்றினால் போய்விடும் என்று தெரு சொன்னது. இவருக்குப் பொன் ஆசை வர வழியே இல்லை என்பதைத் தெரு யோசிக்கவில்லை. முப்பது வருஷமாக ஆம்பூர் கடைத்தெருவில் தங்கத்துக்கு மாற்றுப் பார்த்துச் சொன்னவர். சொக்கத் தங்கம் பத்தரை மாற்று. மற்றதெல்லாம் அதற்குக் கீழே. ஐந்திலிருந்து பத்தரை வரை அரை அரையாக ஏறும் பொன் நுனி வைத்த பன்னிரண்டு குச்சிகளை ஒரு வளையத்தில் கோத்து வைத்திருந்தார். நகையையும் குச்சியையும் கல்லில் பக்கம் பக்கமாக உரைத்து, நிறம் ஒத்துப்போகிற குச்சியின் எண்ணைச் சொல்வார். எதிரில் நிற்பது மணப்பெண்ணா, கோயில் தர்மகர்த்தாவா என்று பார்க்க மாட்டார். அவர் எண் சொல்லி நின்றுபோன கல்யாணங்கள் மூன்று. மருமகள் வைத்த குழம்பைக்கூட "எட்டரை" என்றுதான் பாராட்டுவார்.

அந்த மருமகள் பங்கஜம், வைகாசிப் புழுக்கத்தில் முந்தானையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள்.

"வெளிப் பொன்னு வேலைக்காவாது. வீட்டுப் பொன்னா இருக்கணும்," என்றாள் நாத்தனார் தனகோடி. "பங்கஜம், அந்தச் சங்கிலியக் கழட்டு."

"இப்பவாக்கா? நாளைக்கு வெள்ளிக்கிழமை..."

"இன்னாடி இது, உசுரு போறதுக்கு நாள் பாக்கறே? கழட்டு."

சங்கிலி ஏழு மாற்று. இது பங்கஜத்துக்கும், கைலி நெய்யும் அவள் அப்பா லோகநாதனுக்கும், குடியாத்தத்துத் தட்டான் ஒருவனுக்கும் மட்டும் தெரியும். ஒன்பதரை என்று சொல்லித்தான் கல்யாணம் நடந்தது. மாமனாரின் குச்சிகள் சரிபார்ப்புக்கும் முத்திரைக் காகிதத்துக்கும் மதராசுக்குப் போயிருந்த வாரமாகப் பார்த்து லோகநாதன் முகூர்த்தம் வைத்தார். குச்சி இல்லாமல் மாற்றுச் சொல்வது பாவம் என்று பெரியவரும் பேசாமல் இருந்துவிட்டார். பிறகு இந்த ஆறு வருஷத்தில் இரண்டு தரம் சங்கிலியைக் கேட்டார். இரண்டு தரமும் பங்கஜத்துக்குத் தலைவலி.

ராமமூர்த்தி சங்கிலியை உரைத்தான். பவுன் விட்டுப்போன மஞ்சள் கோடு கல்லின் ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதன் பக்கத்தில் இது சிவந்து விழுந்தது. அப்பாவிடம் எட்டு வருஷம் தொழில் பார்த்தவனின் கை அப்படியே நின்றது.

"எவ்ளோடா மாத்து?" தனகோடி எட்டிப் பார்த்தாள். "குச்சிய வெச்சி ஒரசிப் பாத்துட்டே ஊத்து. மாத்து சொல்லாம குடுத்தா அப்பாவுக்கு எறங்காது."

அவன் வளையத்தை எடுத்தான். பங்கஜம் பிறந்த வீட்டுக்குப் போகும் ரயில் எத்தனை மணிக்கு என்று யோசித்தாள்.

உரைக்கும் சத்தம் கேட்டோ என்னவோ, பெரியவரின் கண் திறந்தது. நேரே கல்லுக்குப் போயிற்று. அங்கிருந்து மருமகளின் சங்கிலி இல்லாத கழுத்துக்கு வந்தது. கடையில் எண் சொல்வதற்குமுன் வரும் தெளிவு முகத்தில் வந்தது. உதடு பிரிந்தது.

"அப்பா இன்னாவோ சொல்றாரு!"

எல்லோரும் குனிந்தார்கள். பங்கஜம் எல்லோருக்கும் முன்னால் குனிந்து, கணவன் கையிலிருந்த கல்லைப் பிடுங்கி, மீதிப் பாலை அதன்மேல் கவிழ்த்தாள். கோடு கரையட்டும் என்று கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். பாலாடையில் விழுந்ததை அந்த வாயில் ஊற்றினாள்.

"குடிங்க மாமா."

அவர் அவளையே பார்த்தார். தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. வாய் மூடியது. அவ்வளவுதான்.

தனகோடி அழுவதற்குமுன் சொல்ல வேண்டியதைச் சொன்னாள். "பாத்தீங்களா சாயபு! நாலு நாளா போவாத உசுரு. எங்க பங்கஜம் தங்கம் பத்தரைக்குக் கம்மி இருக்காது."

"ஆமாம்மா. நம்ம பவுனுக்கே எறங்கலியே," என்றார் சாயபு. தன் பவுனை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, நம்பிக்கையில்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். பறை வந்து சேருவதற்குள் பத்தரை என்ற எண் கடைத்தெரு முழுக்கப் போய்விட்டது.

ராமமூர்த்தி இன்னும் குச்சி வளையத்தோடு உட்கார்ந்திருந்தான். அவன் விரல்களுக்கு நடுவே ஒரு குச்சி மட்டும் தனியாகப் பிரிந்து நின்றது. ஏழு. சங்கிலியை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

"கல்லக் கழுவி வெச்சிடு," என்றான்.

கொல்லைக் கிணற்றில் நீர் இறைத்து, சீயக்காய் போட்டுத் தேய்த்தாள் பங்கஜம். உள்ளே பெண்கள் கூடிக்கூடி அழ ஆரம்பித்திருந்தார்கள். கழுவிய தண்ணீர் வாழைப் பாத்தியில் போய் நின்று மெல்ல இறங்கியது. கல்லை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். கோடு எதுவும் இல்லை, கறுப்பாகத்தான் இருந்தது. வாளியை மறுபடியும் கிணற்றுக்குள் விட்டாள்.