ஒற்றை முடிச்சு

கீழத்தெரு ஆட்கள் வெற்றிலைக் கொடியை அறுக்கக் கிளம்பிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டுச் சின்னத்தாய் ஓடிவந்து சொன்னபோது, முத்துமீனா வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டிக்கொண்டிருந்தாள்.

"எட்டுப் பேருடி. சிவக்குமாரு முன்னால வாரான். எல்லார் கையிலயும் அருவா. ஒன் வீட்டுக்காரரு எங்கிட்டு?"

"கொடிக்காலுக்குப் போயிருக்காரு."

"சும்மாவா போயிருக்காரு?"

முத்துமீனா சுவரைப் பார்த்தாள். அரிவாள் தொங்கும் ஆணி வெறுமையாக இருந்தது.

ஐப்பசி மழையில் வாய்க்கால் கரை உடைந்தபோது கழுத்தளவு தண்ணீரில் நின்று மணல்மூட்டை அடுக்கியவர்கள் அந்தக் கீழத்தெருக்காரர்கள்தான். யாரும் கூப்பிடவில்லை. சிவக்குமார் சத்தம் போட, பகல் முழுக்க நின்றார்கள். வெற்றிலைக் கொடிக்கால் பிழைத்தது. நேற்று தங்கள் சாமிக்குப் பொங்கல் வைக்க இரண்டு கவுளி வெற்றிலை கேட்டு வந்தார்கள். அவள் புருஷன் நல்லகாமன் என்ன கோபத்தில் இருந்தானோ, "யாருடா நீங்க? எவன் ஒங்களக் காவலுக்குக் கூப்பிட்டான்?" என்று கேட்டுவிட்டான். அப்புறம் உள்ளே போய் இரண்டு கவுளியை எடுத்துவந்து அவர்கள் காலடியில் எறிந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பெண்கள் கூட்டம். வேதத்தில் வரும் அபிகாயிலைப் பற்றிப் பேசும் முறை முத்துமீனாவுக்கு வந்தது. தாவீதின் ஆட்கள் நாபாலின் மந்தையைக் காத்ததும், கூலியாகச் சாப்பாடு கேட்டபோது நாபால் அவர்களைக் கேவலப்படுத்தியதும், வாளோடு கிளம்பிய நானூறு பேரை அவன் மனைவி அபிகாயில் கழுதைகளில் அப்பமும் திராட்சையும் ஏற்றிப் போய் வழியிலேயே நிறுத்தியதும் அவளுக்கு மனப்பாடம். ஆனால் எழுந்து நின்றதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. கதையின் கடைசியில் நாபால் செத்துப்போகிறான். நாபால் என்று சொல்ல வாயெடுத்தாலே நல்லகாமன் முகம்தான் வந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள்.

இப்போது உட்கார நேரமில்லை. கட்டிய கவுளிகளைக் கூடையில் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏ, எங்கிட்டுடி போற? வெட்டிப்புடுவாய்ங்க!"

வாய்க்கால் பாலத்தில் அவர்களைச் சந்தித்தாள். கூடையை இறக்கி வழியின் நடுவில் வைத்தாள்.

சிவக்குமார் நின்றான். "தங்கச்சி, வழிய விடு. ஒம் மேல ஒரு கோவமும் இல்ல."

"பொம்பளய அனுப்பிட்டு ஒளிஞ்சுக்கிட்டான் பாரு, மாப்ள," என்றான் பின்னால் ஒருவன்.

"அவரு அனுப்பல. நான் வந்தது அவருக்குத் தெரியாது." குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "அவரு பேசுனது தப்புண்ணே."

"பேச்சு கெடக்கு. பேச்சுக்கா அருவாளத் தூக்குவோம்?" சிவக்குமார் மடியிலிருந்து ஒரு கவுளியை எடுத்து நீட்டினான். "சாமி முன்னால வச்சு அவுக்குறோம். அம்புட்டும் கிழிசலு. சனம் பூராச் சிரிச்சுச்சு. சாமிக்கு இதையா குடுப்பாக?"

முத்துமீனா அதை வாங்கிப் பார்த்தாள். அவிழ்த்த நாரில் ஒற்றை முடிச்சின் சுருக்கம் அப்படியே இருந்தது.

கழிவு இலைக்கு ஒற்றை முடிச்சு, நல்ல இலைக்கு இரட்டை முடிச்சு. அது அவள் பழக்கம். நல்லகாமன் முடிச்சைப் பார்ப்பதில்லை, இடத்தைத்தான் பார்ப்பான். சுவரோரம் இருப்பது நல்லது, வாசலோரம் இருப்பது கழிவு. முந்தாநாள் சுவர் ஈரம் கசிந்து ஓதம் காத்ததால் இடத்தை மாற்றி வைத்தவள் அவள்தான். அவனிடம் சொல்ல மறந்திருந்தாள்.

அப்படியென்றால் அவன் நல்ல வெற்றிலை என்று நினைத்துத்தான் எடுத்திருக்கிறான். வாய்தான் நாபால். கை நாபால் இல்லை.

"அண்ணே, இது எம் முடிச்சு," என்று நடந்ததைச் சொன்னாள். "சத்தியமா அவரு நல்ல இலைன்னுதான் எடுத்தாரு. இலைக்கு நான் பொறுப்பு, அதுக்குத்தான் வந்தேன். பேச்சுக்கு அவருதான் பொறுப்பு. அத நீங்க அவருகிட்டயே வந்து கேளுங்க. அருவாள மட்டும் இங்க வச்சிட்டு வாங்க."

"அவன் கையில இருக்கே?"

"நான் முன்னால போறேன்."

சிவக்குமார் அரிவாளைப் பாலத்துச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அவள் பின்னால் நடந்தான். மற்றவர்கள் அரிவாளை வைக்கவில்லை, ஆனால் பாலத்தைத் தாண்டவும் இல்லை.

பாலத்திலிருந்து பார்த்தால் தெரியும் கொடிக்காலில், அகத்தி மரங்களின் நிழலில் நல்லகாமன் நின்றிருந்தான், அரிவாளை இறுக்கிப் பிடித்தபடி. "யாரக் கேட்டுடி போன?"

"ஒங்கள உசுரோட பாக்கணும்னு போனேன்." கிழிந்த கவுளியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நேத்து நீங்க குடுத்தது இதுதான். நான் எடம் மாத்தி வச்சிட்டேன்."

அவன் இலையைப் பார்த்தான். பிறகு சிவக்குமாரின் காலைப் பார்த்தான்.

முத்துமீனாவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடிக்காலுக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. அறுக்க வருகிறவனுக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது. சிவக்குமார் வரப்பில் நின்றான். ஒரு செருப்பைக் கழற்றினான். பிறகு மற்றதையும்.

நல்லகாமன் அரிவாளை மண்ணில் போட்டான். கொடியில் கை நீட்டித் தானே இலைகளைக் கிள்ளினான், நுனி கிழியாமல், ஒவ்வொன்றாக. "சாமிக்கு நல்ல இலையத்தான் குடுக்கணும்னு நெனச்சேன்னு சொன்னா இனிமே யாரு நம்புவா? பேசுனது தப்புதான், சிவா." இரண்டு கையாலும் நீட்டினான்.

சிவக்குமார் வாங்கிக்கொண்டான். ஓர் இலையைத் தொடையில் துடைத்து, காம்பைக் கிள்ளிவிட்டு முத்துமீனாவிடம் திரும்பினான்.

"சுண்ணாம்பு எங்க, தங்கச்சி?"

அபிகாயில் அப்பம், பயறு, ஆட்டிறைச்சி, திராட்சை என்று ஒன்றுவிடாமல் கொண்டுபோனாள். முத்துமீனா சுண்ணாம்பை மறந்திருந்தாள். வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

நல்லகாமன் இடுப்பு மடிக்குள் கைவிட்டான். பாலத்திலிருந்தவர்கள் சட்டென்று அரிவாளை உயர்த்தினார்கள். அவன் எடுத்தது சுண்ணாம்பு டப்பா.