மங்கலத்தின் கோடு

திருப்பாதிரிப்புலியூர் ரயில்வே ஸ்டேஷனில் தங்கராசு உதவி ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தார். எந்தக் காரியமானாலும் அது எப்படி நடக்கிறது என்று விளக்கிச் சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கிணற்று உருளை கிறீச்சிட்டால், ஏன் கிறீச்சிடுகிறது என்பதைக் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் சொல்லி முடித்த பிறகுதான் எண்ணெய் விடுவார். அதற்குள் அவர் மனைவி மங்கலம் நாலு குடம் இறைத்துக்கொண்டு போயிருப்பாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் மார்கழியில், திருவாதிரைத் திருவிழாவை ஒட்டிச் சிதம்பரத்தில் பெரிய பொருட்காட்சி போடுகிறார்கள் என்ற சேதியைக் கொண்டுவந்தவன் பொன்னுரங்கம். மங்கலத்தின் தம்பி. சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டு, இன்னும் மூன்று பேரோடு ஒரே அறையில் குடியிருந்தான்.

“மரணக் கிணறு இருக்கு, கண்ணாடி மாளிகை இருக்கு. அதெல்லாம் கெடக்கட்டும் மாமா. ராட்டினத்தப் பாக்கணும் நீங்க. பனமரத்து மேல பனமரம் வச்ச ஒசரம். ஆயில் இஞ்சின் வச்சு சுத்தறான்.”

“எத்தினி தொட்டி மச்சான்?”

“பதினாறு. தொட்டிக்கு நாலு பேரு. நீங்க ஏறுனா மூணு.”

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மங்கலம் சிரித்துவிட்டாள். “ராட்டினத்தப் பத்தி இவன் பேசறானா? புதுச்சத்திரத்துல நாங்க இருந்தப்போ திருவிழாவுக்கு ராட்டினம் வந்துச்சு. அப்பா இவனத் தூக்கிக்கிட்டு ஏறுனாரு. மூட்டையப் பாத்துக்கன்னு என்னைக் கீழ உக்கார வச்சிட்டாரு. மேல போனவன் நேரா என் தலையிலதான் வாந்தி எடுத்தான்.”

“அப்புறம் நீ ஏறலையா?” என்று கேட்டார் தங்கராசு.

“எங்க? என் தலையையும் அப்பா சட்டையையும் கழுவணும்னு கொளத்துக்கு இட்டுக்கிட்டுப் போய்ட்டாங்க. இந்தத் தடவ ஏறிடணும்.”

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் மங்கலம் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான். தங்கராசுவுக்கு அப்போதே கை பரபரத்தது. ரயில்வே பாஸ் இருக்கிறது, மூன்று நாள் லீவும் இருக்கிறது. மகள் தனத்துக்கு ஒன்பது வயது, மகன் அய்யனாருக்கு ஐந்து. நால்வரும் போய்வர வேண்டியதுதான்.

தங்குவதற்கும் பொன்னுரங்கம் வழி செய்திருந்தான். மேலவீதிக்குப் பின்னால் ஒரு சத்திரம். ஓர் அறை, மூன்று நாள்.

“நாமளே சமைச்சிக்கலாம் மாமா. பாத்திரம் குடுப்பாங்க, ராத்திரி எட்டு மணிக்குள்ள தொலக்கித் திருப்பிக் குடுத்துடணும். திருவிழாக் கூட்டத்துல ஓட்டல்ல எலைக்கு நிக்க முடியாது. ஒங்களுக்கு வேற வயித்து உப்புசம். அக்கா கை சோறு இருந்தா கவலயே இல்ல. ஒண்ணு, அடுப்பு ஆறுதான் இருக்குது. அதுக்குப் பித்தள வில்லை ஒண்ணு குடுக்கறாங்க. யாரு கையில வில்லை இருக்கோ அவுங்களுக்குத்தான் அடுப்பு. நமக்குக் காலையில ஏழுலேந்து ஒம்பது, சாயங்காலம் அஞ்சுலேந்து ஏழு.”

தங்கராசு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இது எங்க டோக்கன் மச்சான். ஒற்றைப் பாதையில ரெண்டு வண்டி எதுத்தாப்பல வந்தா என்ன ஆகும்? அதுக்காக ரெண்டு ஸ்டேஷன்லயும் ஒரு பெட்டி வச்சிருக்கோம். உள்ளாற இரும்புக் குண்டுங்க. இந்தப் பெட்டியிலேந்து ஒரு குண்டு வெளிய வந்துட்டா, அது திரும்பப் பெட்டிக்குள்ள போற வரைக்கும் ரெண்டு பெட்டியும் பூட்டிக்கும். இன்னொரு குண்டு வராது. குண்டு கையில இல்லாம டிரைவர் வண்டிய எடுக்க மாட்டான். பாரு, சத்திரத்துக்காரனுக்கு இத யாரு சொல்லிக் குடுத்தது?”

இதை அவர் சொல்லிக்கொண்டிருக்கையில் மங்கலம் முறத்தை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். உலை வைக்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பெரிய காகிதம் ஒன்றை விரித்துத் திட்டம் போட்டார். திருச்சி கன்ட்ரோல் ஆபீசில் ஆறு மாதம் இருந்தபோது அவர் கற்றுக்கொண்ட வித்தை அது. ரயில்களின் ஓட்டத்தை அங்கே எழுதி வைப்பதில்லை, வரைந்து வைப்பார்கள். காகிதத்தின் குறுக்கே மணி. மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள். வண்டி ஓடினால் கோடு சாய்ந்து இறங்கும்; வேகம் கூடினால் இன்னும் செங்குத்தாக இறங்கும். வண்டி ஒரு ஸ்டேஷனில் நின்றுவிட்டால் நேரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும் அல்லவா, அதனால் கோடு படுத்துக்கொள்ளும். எந்த வண்டி எங்கே இருக்கிறது, எது எதற்காகக் காத்து நிற்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தங்கராசு மேலே ‘வீடு’ என்று எழுதினார். அதன்கீழ் வரிசையாக ரயிலடி, சத்திரம், கோயில், பொருட்காட்சி. காலைப் பாசஞ்சரில் ஏறியது முதல் கோடு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று சாய்ந்து இறங்கியது. ஊதாப் பென்சிலில் ஒரே கோடு: குடும்பம். வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்தார்.

“சாயங்காலம் அஞ்சு மணிக்குப் பொருட்காட்சி. ராட்டினம் அஞ்சுக்கு ஆரம்பிச்சி எட்டுக்கு நிறுத்திடுவானாம். ஏழு வரைக்கும் பாக்கறோம். ஏழுக்கு சத்திரத்துல சுடச்சுடச் சாப்பாடு. எட்டுக்குப் பாத்திரம் ஒப்படைக்கறோம். மூணு நாளும் இப்படித்தான்.”

மங்கலம் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நான் வரலங்க. பசங்கள இட்டுக்கிட்டு நீங்க போய்ட்டு வாங்க.”

“ஏன்?”

“அசதியா இருக்கு.”

“அப்போ சாப்பாடு?”

வாயிலிருந்து வந்துவிட்டது. மங்கலம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். “அதான முக்கியம்” என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்கக் கொல்லைப் பக்கம் போனாள்.

இரண்டு நாள் வீட்டில் பேச்சு அளவாக இருந்தது. பொன்னுரங்கம் சொன்ன உயரத்தைக் கேட்டுப் பயந்துவிட்டாள் என்று தங்கராசு முடிவுகட்டினார். பயத்துக்கு விளக்கத்தை விட நல்ல மருந்து எது? சைக்கிளைக் கொல்லையில் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி எட்டுப் புளியம்பழங்களை நூலில் கட்டித் தொங்கவிட்டார்.

“பாரு மங்கலம். சக்கரம்தான் சுத்துது. பழம் எங்க போனாலும் கீழ பாத்துத்தான் தொங்குது. மாட்டுவண்டி சாஞ்சாலும் அடியில கட்டுன லாந்தர் சாயுதா? தொட்டியும் அப்படித்தான். யாரும் கவுந்து விழ மாட்டாங்க.”

மங்கலம் ஈரத்துணியை உதறியபடி பார்த்தாள். ஒரு பக்கத்துப் பழங்கள் மூன்றை மட்டும் நூலோடு கழற்றினாள். சக்கரம் கனமான பக்கம் சரிந்து ஆடி நின்றது.

“எல்லாத்தையும் ஒரு பக்கமே ஏத்துனா?”

தங்கராசுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “அப்படிக் கேளு. இஞ்சின் திணறும். அதனாலதான் ராட்டினக்காரன் எதிரும் புதிருமா ஆளு ஏத்துவான். நீ பயப்படாத.”

“யாரு பயந்தது?” என்றாள் மங்கலம். பழங்களை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் சைக்கிளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் பகல் டியூட்டி. எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுவதற்காக ஒரு கூட்ஸ் வண்டியைக் கிளைப் பாதையில் ஒதுக்கி நிறுத்தியிருந்தார்கள். எக்ஸ்பிரஸ் தாமதம். அது போனால் பின்னாலேயே ஒரு பாசஞ்சர். கூட்ஸ் டிரைவர் சாமிக்கண்ணு இஞ்சினை விட்டு இறங்கி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்துச் சோறு பொங்க ஆரம்பித்துவிட்டார்.

“என்ன சாமிக்கண்ணு, குடித்தனமே வச்சிட்டீங்க?”

“வேற என்ன சார் பண்றது? கன்ட்ரோல் ஆபீசு சார்ட்ட நானும் ஒருநாள் பாத்தேன். மத்த வண்டிக் கோடெல்லாம் சர்சர்ருனு எறங்குது. என் கோடு படுத்தே கெடக்குது. நானும் அதே நிலக்கரியத்தான் போடறேன்.”

தங்கராசு சிரித்தார். அறைக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்ததும் சிரிப்பு நின்றது. மேஜை இழுப்பறைக்குள் வைத்திருந்த தன் காகிதத்தை எடுத்தார். சாயங்காலம் ஐந்து முதல் ஏழு. குடும்பம் என்ற ஊதாக் கோடு பொருட்காட்சியில் படுத்திருக்கிறது. ஐந்து முதல் ஏழுதான் அடுப்பு. ஏழு மணிக்குச் சோறு சுடச்சுட இருக்கிறது.

யார் பொங்கியது?

ஒரே வண்டி, ஒரே நேரத்தில், இரண்டு ஸ்டேஷனில். பயிற்சிக்கு வந்த பையன் இப்படிப் போட்டிருந்தால் காகிதத்தைக் கிழித்து எறிந்திருப்பார். சிவப்புப் பென்சிலை எடுத்து மங்கலத்துக்கு மட்டும் தனியாக ஒரு கோடு வரைந்தார். காலை ஏழு முதல் ஒன்பது சத்திரத்து அடுப்பு. பிறகு பாத்திரம், பிள்ளைகளின் துணி. ஒரு நடை கோயில். ஐந்து முதல் ஏழு மறுபடியும் அடுப்பு. ஏழிலிருந்து எட்டு பரிமாறல், துலக்கல், ஒப்படைத்தல். எட்டுக்கு ராட்டினம் நின்றுவிடும். மூன்று நாளும் அந்தச் சிவப்புக் கோடு பொருட்காட்சியைத் தொடவே இல்லை. அவர் திட்டத்தைப் படித்து முடித்த கணத்திலேயே மங்கலம் இதைப் பார்த்துவிட்டாள். பென்சில் கூட அவளுக்குத் தேவைப்படவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை அவள் முன்னால் விரித்தார்.

“இதுல நான் தப்புப் பண்ணிட்டேன். சிவப்பு நீ.”

மங்கலம் குனிந்து பார்த்தாள்.

“கட்டுச்சோறு எடுத்துக்கலாம். புளிச்சோறு, தயிர்சோறு. அப்போ அங்க அடுப்பே வேணாம்.”

“கட்டுச்சோறு மரத்துலயா காய்க்குது?”

தங்கராசு யோசித்துவிட்டு, காகிதத்தின் இடதுபக்கம் இன்னொரு தாளை ஒட்டினார். சிவப்புக் கோட்டைப் பின்னோக்கி இழுத்தார். புறப்படுகிற நாள் விடியற்காலை மூன்று மணிக்குப் போய் முட்டியது. அங்கேயும் படுத்துத்தான் இருந்தது. “மூணு நாளைக்குப் புளிச்சோறு தாங்காது வேற” என்று முணுமுணுத்தார்.

“ஒற்றைப் பாதை மங்கலம். ஒரு வண்டி போகணும்னா இன்னொண்ணு ஒதுங்கி நிக்கணும். வேற வழியில்ல.” பென்சிலைக் கீழே வைத்தார். “சாயங்கால வில்லைய நான் வாங்கிக்கறேன்.”

“நீங்களா? ஒலைக்கு எத்தினி தண்ணி தெரியுமா ஒங்களுக்கு?”

“ஆறு நாளு இருக்கு. கத்துக்கறேன்.”

“பக்கத்து அடுப்புக்காரிங்க சிரிப்பாளுங்க.”

“சிரிக்கட்டும். ஏன் சோறு பொங்கறோம்னு வெளக்கிச் சொல்லிட்டாப் போச்சு.”

அதற்குத்தான் அவள் கொஞ்சம் சிரித்தாள். ஆனாலும் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பென்சிலை எடுத்து, மூன்று நாளில் முதல் நாளின் ஆறு மணிமேல் விரலை வைத்தாள். “மொத நாளே. வெளக்குப் போடற நேரம். கடைசி நாளுன்னா ஏதாவது ஒண்ணு வந்துரும். மூட்டைய யாரு பாத்துக்கறது?”

“பொன்னுரங்கம்.”

“அதுவும் சரிதான்” என்று தானே கோட்டை வளைத்துப் பொருட்காட்சி வரைக்கும் கொண்டுபோனாள். நேர்கோடாக வரவில்லை.

அந்த ஆறு நாளும் தங்கராசு அடுப்படியில் கிடந்தார். சட்டுவத்தைப் பிடித்தபடி, பானைக்குள் நீராவி எப்படி மூடியைத் தூக்குகிறது என்று ஆரம்பித்தால், “வெளக்கம் அப்புறம், மொதல்ல கிண்டுங்க” என்பாள் மங்கலம். மூன்றாம் நாள் சோறு களியானது. ஐந்தாம் நாள் அய்யனார் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

சிதம்பரத்தில் முதல் நாள் மாலை ஐந்து மணிக்குச் சத்திரத்து மேனேஜர் பித்தளை வில்லையை மங்கலத்திடம் நீட்டினார். தங்கராசு கையை நீட்டி வாங்கிக்கொண்டார். பின்கட்டில் நாலாவது அடுப்பு. மற்ற ஐந்திலும் பெண்கள். மங்கலமும் பிள்ளைகளும் பொன்னுரங்கமும் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. பக்கத்து அடுப்பில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“ஊட்டுல அவுங்களுக்கு ஒடம்பு சரியில்லியா?”

“நல்லாத்தான் இருக்காங்க. ராட்டினம் ஏறப் போயிருக்காங்க.”

அந்த அம்மாள் அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கைநீட்டி அவர் அடுப்பிலிருந்து இரண்டு விறகை வெளியே இழுத்துவிட்டார். “இம்மாம் வெறவு திணிச்சா பொகைதான் வரும். காத்து போவ எடம் வேணாமா?”

தங்கராசுவுக்கு அது முன்பே தெரியும். இஞ்சின் அடுப்பைப் பற்றி எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது சும்மா தலையை ஆட்டினார்.

ஆறு மணிக்கு மதிலுக்கு மேலே ராட்டினத்தின் விளக்குகள் எரிந்தன. மதிலுக்கு மேல் தெரிந்தது மேல்பாதி மட்டும்தான். ஒரு தொட்டி இடதுபக்கம் மேலேறி, உச்சியில் ஒரு கணம் நின்றாற்போல் தோன்றி, வலதுபக்கம் இறங்கி மறைந்தது. ஆள் ஏற்றுவதற்காக நின்று நின்று சுற்றியது. எதிரும் புதிருமாகத்தான் ஏற்றுகிறான். பிறகு நிற்காமல் சுற்ற ஆரம்பித்தது. எந்தத் தொட்டியில் யார் என்று அங்கிருந்து தெரியவில்லை. கண்ணில் புகை வேறு. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று மனசுக்குள் எண்ணத் தொடங்கினார். பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, சட்டுவத்தைக் கையில் பிடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐய, சோறு தீயுது” என்றார் பக்கத்து அடுப்பு அம்மாள்.

ஏழு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பொன்னுரங்கம் மூட்டையோடு கடைசியில் வந்தான், அவன் ஏறவில்லையாம். தனமும் அய்யனாரும் ஒருவர் வாயை ஒருவர் அடைத்துப் பேசினார்கள். மங்கலத்தின் தலைமுடி காற்றில் கலைந்திருந்தது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. தங்கராசு இலை போட்டுப் பரிமாறினார். அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

“அடி புடிச்சிருக்கு.”

“தெரியும். மேல என்ன தெரிஞ்சுது?”

“கோபுரம் நாலும் தெரிஞ்சுது. ரயிலடி தெரிஞ்சுது. சத்திரத்துப் பின்கட்டுல இம்மாம் பொகை தெரிஞ்சுது.” அவள் இன்னொரு வாய் எடுத்தாள். “ரெண்டு தடவ ஏறுனேன்.”

தங்கராசு ரசத்தை ஊற்றினார். எட்டு மணிக்குள் பாத்திரம் துலக்க வேண்டும். மங்கலம் சாப்பிட்டு முடித்துவிட்டு, எழுந்திருக்காமல், நாளைக்குச் சாயங்காலம் என்ன சமைக்கப் போகிறார் என்று கேட்டாள்.