மாமாவுக்கு ரொட்டி சூடாக்கிய நாள்

முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் வாசலில் லொறி வந்து நின்றபோது அரிசி வருகிறதென்றுதான் எல்லோரும் ஓடினார்கள். அரிசி கேட்டிருந்தார்கள், பருப்புக் கேட்டிருந்தார்கள், பால்மா கேட்டிருந்தார்கள். இறங்கியதோ டோர்ட்டியா. பொலித்தீன் பைக்குப் பத்து, வட்டமாய், வெள்ளையாய், மட்டை மாதிரி விறைத்துப்போய். துசாந்தினிக்குப் பக்கத்தில் நின்ற இரத்தினம்மா அதைப் பப்படம் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

"எண்ணெய் தரல்லியாகா?" என்று கேட்டாள்.

லொறியோடு வந்த வெள்ளைக்காரி ஏதோ சொல்ல, கூட வந்தவர் தமிழில் சொன்னார்: "இது சுட்ட ரொட்டிதான். மெக்சிக்கோ நாட்டில சாப்பிடுறது. சூடாக்கினாப் போதும். ஈரத்துணியால சுத்தி மைக்ரோவேவில அரை நிமிசம் வைங்க."

மைக்ரோவேவில். சிரிப்பதா அழுவதா என்று துசாந்தினிக்குத் தெரியவில்லை. மாங்கேணியில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது, வீட்டுக்குப் பின்னால் கடற்பக்கமாக அடுப்போடு ஒரு குசினி இருந்தது. எட்டு நாளைக்கு முன் கடல் வந்து இரண்டையும் வழித்துக்கொண்டு போய்விட்டது. குசினிக்குள் நின்ற மாமி அன்னப்பூரணியையும் கொண்டு போய்விட்டது. உடம்பு இன்னும் கிடைக்கவில்லை. கட்டாரில் வேலை செய்யும் கணவன் சுபாகரன் ஞாயிறு காலையில் சந்திக் கடைப் போனுக்குத்தான் கோல் எடுப்பான். அதற்காக றோட்டுக்குப் போனதால் துசாந்தினி தப்பினாள். வீட்டு வாசலில் இருந்த அவன் தகப்பன், மாமா சாமித்தம்பி, முந்திரி மரத்தில் தொங்கித் தப்பினார். தப்பியவர் இப்போது பட்டினி கிடந்து அவள் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

எட்டு நாளும் நிவாரண பிஸ்கட்டும் பச்சைத் தண்ணியும்தான். தேத்தண்ணியைக்கூட ஆறப்போட்டுவிட்டுப் பாதி குடித்தார். ஓட்டமாவடிச் சனங்கள் அனுப்பிய சோற்றுப் பார்சலைத் திறந்தும் பார்க்கவில்லை. துசாந்தினிக்கு அதில் ஆச்சரியம் இல்லை. மாமா கை சுடாத சோற்றைச் சோறென்றே சொல்லாத மனிதர். மாமி அவருக்கு ஒரு நேரத்துச் சாப்பாட்டை இரண்டு தரம் சூடாக்குவாள். வழியில் சூடு குறைந்து வந்த பார்சல் அவருக்கு எப்படி இறங்கும்? இப்போது மழை வெள்ளத்தில் பாதை மறிபட்டு அதுவும் நின்றுவிட்டது. அன்று காலையில் தண்ணிக் குழாயடியில் மயங்கி விழுந்தார்.

"பின்னேரத்துக்குள்ள ஒரு நேரமாவது சாப்பிடாட்டி ஆசுபத்திரிக்கு ஏத்தத்தான் வேணும்" என்றார் முகாமுக்கு வந்த டொக்டர். போன கிழமை ஏற்றிய இரண்டு கிழவர்களும் திரும்பி வரவில்லை. தொலைபேசியில் சுபாகரன் அழுதழுது சொன்னது ஒன்றுதான்: அப்பாவையாவது பாத்துக்கொள். தாயையும் தகப்பனையும் ஒன்றாகப் பறிகொடுத்தவனாக அவன் வந்து இறங்கினால் எந்த முகத்தோடு அவன் முன்னால் நிற்பது?

ஆகவே ரொட்டி சூடாக வேண்டும், நன்றாகச் சூடாக வேண்டும். மூன்று கல்லைத் தேடிப் பொறுக்கி வந்து, மாமா படுத்திருந்த வகுப்பறைக்கு வெளியே வைத்தாள்.

"என்ன செய்யிறாய்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அடுப்பு மூட்டப் போறன் மாமா."

"மூட்டப்படா. அவளை இன்னும் எடுக்கல்ல."

பிணம் எடுக்கும் வரைக்கும் செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனால் எடுப்பதற்கு உடம்பு வேண்டாமா? உடம்பு இல்லை, எடுக்கும் நாள் இல்லை, அப்படியானால் அடுப்பு எப்போதுதான் எரிவது?

"வீடே இல்ல மாமா. எந்த வீட்டு அடுப்பைச் சொல்லுறீங்க?"

"மூட்டப்படா எண்டா மூட்டப்படா."

கல்லைக் காலால் தள்ளிவிட்டு எழும்பினாள். சரி, நெருப்பு வேண்டாம், வெயில் இருக்கிறதே. பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து விழுந்த தகரத்தை இழுத்து வந்து முற்றத்தில் போட்டு, இரண்டு ரொட்டியை அதில் விரித்தாள். காகத்துக்குக் காவல் இருந்தாள். அரை மணித்தியாலத்தில் தகரம் கொஞ்சம் சுட்டது. ரொட்டியைப் புரட்டிப் போட்டாள், மழை வந்தது. மார்கழி மழைக்கும் அவள் மேல்தான் கோபம்.

மழை விட்டதும் லொறி புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நிற்பதைக் கண்டாள். எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தாள், நன்றாகவே சுட்டது. பழைய ரொட்டிகளைக் காகத்துக்கு எறிந்துவிட்டு, புதிதாக இரண்டை எடுத்து லொறியின் முகத்தில் ஒட்டினாள். சாரதி தலையை வெளியே நீட்டி, "தங்கச்சி, இது லொறி" என்றான்.

"தெரியும் அண்ணன். ரெண்டு நிமிசம் நில்லுங்க."

நல்ல மனிதன், ஐந்து நிமிடம் நின்றான். ரொட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு ஓடி வந்து நீட்டினாள். மாமா மணந்து பார்த்தார்.

"டீசல் மணக்குது."

உண்மையில் மணக்கத்தான் செய்தது. அதை இரத்தினம்மா வாங்கித் தின்றுவிட்டு ஒரு குறையும் சொல்லவில்லை.

அடுத்து டொக்டர் ஆட்களின் கேத்தில். தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த அந்தப் பாத்திரத்தின் வாய்க்கு மேலே ரொட்டியைப் பிடித்தாள். ஆவியில் கை வெந்தது, ரொட்டி சொதசொதவென்று ஊறி நனைந்த துணி போலத் தொங்கியது.

"இது என்ன, புண்ணுக்குக் கட்டுறதா?" என்று கேட்டார் மாமா.

எட்டு நாளாகப் பேசாத மனிதருக்கு நக்கல் மட்டும் வருகிறது. துசாந்தினி தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்து மதிலில் சாய்ந்தாள். எரிச்சலில் கண்ணால் தண்ணி வந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஹவ்வா உம்மாவின் வீடு. முகாம் தொடங்கிய நாளிலிருந்து கிணற்றுத் தண்ணி தருகிறவர் அவர்தான்.

"என்ன மகள், காலையில இருந்து ரொட்டியும் கையுமா ஓடித் திரியிறாய்?"

துசாந்தினி எல்லாவற்றையும் கொட்டினாள். தகரத்தைச் சொன்னாள், லொறியைச் சொன்னாள், எடுக்காத பிணத்தைச் சொன்னாள். ஹவ்வா உம்மா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"செத்த வீட்டில அடுப்பு மூட்டமாட்டீங்க, சரி. பக்கத்து வீட்டில ஆக்கிக் குடுத்தாத் தின்னுவீங்கதானே? எங்கடையும் அதே வழக்கம்தான். மையத்து வீட்டுக்கு மூணு நாளைக்கு அயலவர்தான் ஆக்கிக் குடுக்கிற. இப்ப உங்களுக்கு அயல் நான்தான். கொண்டா இங்க."

இது ஏன் தனக்குத் தோன்றாமல் போனது என்று துசாந்தினி தன்னையே திட்டிக்கொண்டாள். ஹவ்வா உம்மா சிரட்டைத் தணலில் ரொட்டிக் கல்லை வைத்து, ரொட்டியில் கொஞ்சம் தண்ணி தெளித்துப் போட்டார். புரட்டினார், ஓரத்தைத் துணியால் அமத்தினார். விறைத்துக் கிடந்தது உப்பி எழும்பிப் பொட்டுப் பொட்டாகச் சிவந்தது. இரண்டு ரொட்டியைத் தட்டில் வைத்து, சம்பலும் ஒரு கரண்டி வைத்து மதிலுக்கு மேலால் நீட்டினார்.

துசாந்தினி ஆறுமுன்னம் கொண்டு போக வேண்டுமென்று ஓடினாள். தட்டு கையைச் சுட்டது. மாமாவுக்கு முன்னால் வைத்து, "பக்கத்து வீட்டு அடுப்பு. நான் நெருப்புத் தொடல்ல. டீசல் இல்ல, ஊறல்ல, கருகல்ல. சுடச்சுட இருக்கு, தின்னுங்க" என்றாள்.

மாமா ரொட்டியைப் பார்த்தார். அதிலிருந்து ஆவி எழும்பியது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அத்தோடு அவள் பொறுமை முடிந்தது.

"என்னதான் வேணும் உங்களுக்கு? வாயத் திறந்து சொல்லுங்க. எட்டு நாளா உங்களுக்குப் பின்னால அலையிறன். உங்கட மகன் வந்தா நான் என்னத்தச் சொல்ல? மாமியக் கடல் கொண்டு போச்சு, மாமாவ நான் கொண்டு போட்டன் எண்டா? இத விடச் சூடா ரொட்டி இந்த ஊரில எங்கயும் இல்ல மாமா."

வகுப்பறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

"அண்டைக்கும் ரொட்டிதான் புள்ள."

"எண்டைக்கு?"

"ஞாயித்துக்கிழமை. நீ றோட்டுக்குப் போன பிறகு. உன்ர மாமி சுட்டு மூடி வெச்சிருந்தாள். வாயில வெச்சன், ஆறிப் போய்க் கிடந்திச்சு. இத மனிசன் திம்பானா, கொண்டு போய்ச் சூடாக்கிக்கொண்டு வா எண்டன். அவளும் சந்தியில சாமான் வாங்க வெளிக்கிட்டு நிண்டவள். சீலையெல்லாம் மாத்திட்டாள். தாங்க எண்டு வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனாள்."

சுவரில் பெயர்ந்திருந்த சுண்ணாம்பை நகத்தால் சுரண்டினார்.

"மறுகா தண்ணி வந்திச்சு."

அந்த நேரத்தில் மாமி ஏன் குசினிக்குள் நின்றாள் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. மாமி எப்போதும் நிற்கிற இடம் அதுதானே என்று துசாந்தினியும் விட்டுவிட்டாள். காலையிலிருந்து சேர்த்து வைத்த கோபத்தை யார் மேல் போடுவதென்று அவளுக்கு இப்போது தெரியவில்லை. இந்த மனிதர் மேல்தான் போட வேண்டும். போட மனம் வரவில்லை. சூடான ரொட்டியை மூன்று தரம் இவருக்கு முன்னால் கொண்டு வந்து நீட்டியது தான்தான்.

பாயில் அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். டோர்ட்டியா வந்த பெட்டியின் மூடியைக் கிழித்தெடுத்து, ரொட்டிக்கு மேலே விசிறத் தொடங்கினாள். கை வலிக்க வலிக்க விசிறினாள். மாமா திரும்பிப் பார்த்தார். ஆவி அடங்கியது. விரல் நுனியால் ரொட்டியைத் தொட்டார், விரலை எடுத்துக்கொண்டார்.

"ஆறிட்டா?" என்று கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் மாமா."

மறுபடி தொட்டபோது ரொட்டி பழையபடி மட்டை மாதிரி விறைத்திருந்தது. மாமா அதைப் பிய்த்து, சம்பலில் கூடத் தொடாமல் வாயில் வைத்தார். நெடுநேரம் மென்றார், விழுங்கினார். இன்னொரு துண்டு பிய்த்தார்.

"ஆறின ரொட்டியும் தின்னலாம்தான் புள்ள" என்றார்.

துசாந்தினி இரண்டாவது ரொட்டியை விசிறினாள்.